கிருபைக்கு விலை கேட்டார்கள்

வீட்டில் ஒருவர் பெரிய நோயோடு படுத்திருக்கிறார், யாரோ ஒருவர் வந்து "காணிக்கை வைத்தால் சுகம் வரும், வைக்காவிட்டால் கதவு அடைபடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்த காலத்தில் இதையெல்லாம் எனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. ஐந்து இலட்சம் ரூபாய்க்குக் கிட்டப் போய்விட்டது. அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். கணக்குப் பார்த்தால் 500 நாள் மலையில் நின்ற உழைப்பு அது. ஆனாலும் பணம் போனதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். கடவுள் தன்மேல் கோபமாக இருக்கிறார், தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று அம்மா மாதக்கணக்கில் நம்பிக்கொண்டு கிடந்தாரே, அதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா தனியாக நின்று என்னைப் படிக்க வைத்தார். நான் தோட்டத்துச் சிறுவர் நிலையத்தில், அதாவது பிள்ளைக்காம்பராவில், வேலை செய்கிறேன். கணவர் அப்போது கட்டாரில். கூடப் பிறந்தவர்கள் இல்லை. நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். 1854இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் காலத்திலிருந்தே உபதேசிமார் லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்தோறும், நடந்துபோய் எழுதப் படிக்கவும் ஜெபிக்கவும் சொல்லிக்கொடுத்த மலை இது. எங்கள் தோட்டத்திலும் தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம் ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரு ஐயா, அதாவது போதகர், பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் ஆராதனை மாதத்தில் ஒரு ஞாயிறுதான். மற்ற நாட்களில் ஆலயம் பூட்டியிருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நோய் வந்த வீட்டுக்கு முதலில் யார் வருகிறார்களோ அவர்கள் கையில்தான் அந்தக் குடும்பம் போய் விழுகிறது. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது எங்கள் ஆலயம் இல்லை.

2022ஆம் வருடத் தொடக்கத்தில் அம்மா மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். எவ்வளவு நாளாக இருந்ததோ தெரியாது. வெட்கத்தில் மறைத்திருக்கிறார். டிக்கோயாவில் காட்டி, அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். சதைத்துண்டு எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொன்னார்கள். சத்திரசிகிச்சை செய்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ என்று திகதி போட்டுக் கிளினிக் கொப்பியைக் கையில் கொடுத்தார்கள். அந்த வருடம் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். ஜூன், ஜூலை மாதங்களில் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடவில்லை. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போக விடியற்காலை வெளியே இறங்கினால் நாவலப்பிட்டியில் இறக்கிவிட்டு "இதுக்கு மேல போகாது" என்பார்கள். சில மருந்துகள் வைத்தியசாலையில் இல்லாமல் வெளியே வாங்கச் சொன்னார்கள். அம்மாவுக்குத் தலைமுடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் இருந்தது. நான் வேலைக்கும் போய், சமைத்து, ராத்திரியில் அம்மா முனகுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பயத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள்.

முதலில் அன்பாகத்தான் வந்தார்கள். அதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் தான் போகும் ஜெபக் கூட்டத்திலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். அம்மாவின் தலையில் கை வைத்து அழுது ஜெபித்தார்கள். பாண் வாங்கிவந்தார்கள். இவ்வளவு நாளும் யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில் நாலு பேர் முழங்காலில் நின்றால் மனசு எப்படி இளகும்! அன்றைக்கு நானும் அழுதேன். அடுத்த வாரம் அவர்களுடைய ஊழியக்காரரே போனில் பேசினார். "சகோதரி, உங்க அம்மாவுக்குப் பூரண சுகம் இருக்குன்னு ஆண்டவர் எனக்குக் காட்டிட்டார்" என்றார். எந்த வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மாதம் உயிர் வாழ்ந்தேன்.

அப்புறம் பணம். அது ஒரேயடியாக வரவில்லை, படிப்படியாக வந்தது. முதலில் அபிஷேக எண்ணெய்ப் போத்தல், 1,500 ரூபாய். பிறகு கூட்டத்துக்குப் போக வேன் கூலி. பிறகு "விதைக் காணிக்கை", அதாவது விதைத்தால் சுகத்தை அறுக்கலாம் என்று சொல்லிக் கேட்கும் பணம். நோய் பெரிது, ஆகவே விதையும் பெரிதாக இருக்க வேண்டும் என்றார்கள். அம்மா தன் ஒன்றரைப் பவுண் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். நகர்ப்புறத்தில் 140,000 ரூபாய்க்கு அடகு வைத்து, அன்றே வங்கியில் போட்டு, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஒக்டோபரில் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிப் (EPF) பணம் வந்தது. பெண்களுக்கு 50 வயது கடந்து வேலையை விட்டால் எடுக்கலாம் அல்லவா, அப்படி வந்தது. பணம் வந்த விஷயம் எப்படித் தெரிந்ததோ, அந்த வாரமே போன் வந்தது. ஏழை விதவை தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் போட்டாளே, உங்க அம்மாவும் விதவைதானே என்று கேட்டார்கள். 300,000 ரூபாய் அதில் போனது. முப்பது வருடத்துக்கு மேல் அட்டைக்கடி வாங்கி, மழையில் நனைந்து, கூடை சுமந்து சேர்ந்த பணம்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இந்த வசனங்களைத்தான் எல்லா இடத்திலும் சொல்லிப் பணம் கேட்கிறார்கள். ஏழை விதவையின் கதை மாற்கு 12ஆம் அதிகாரத்தில் 41ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு ஒரு வசனம் முன்னால் போய் 40ஐ வாசித்துப் பாருங்கள். "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிற" வேதபாரகரை இயேசு கண்டித்த சத்தம் ஓயும் முன்பே அந்த விதவை வந்து காசு போடுகிறாள். அவளை இயேசு மெச்சினார். ஆனால் போய் அவளிடம் கேட்டு வாங்கு என்று சீஷருக்குச் சொல்லவில்லை. "கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்" என்ற லூக்கா 6:38ஐயும் சொல்வார்கள். அதற்கு முந்திய வசனம் மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்காமல் மன்னிப்பதைப் பற்றியது. விதைப்பு அறுப்பு என்று அவர்கள் எடுத்துக்காட்டும் 2 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் பவுல் எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்க்கும் பணத்தைப் பற்றிப் பேசுகிறார். அங்கேயே, "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். ஆகவே யாராவது தொகையைச் சொல்லி, நாளையும் குறித்து, கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று பயமும் காட்டினால், அங்கே பவுல் சொன்ன காணிக்கை இல்லை. வேதத்தை நீங்களே எடுத்து, முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். எங்கள் வீட்டு அலமாரியில் வேதம் இருந்தது. என்ன வாசிக்க வேண்டும் என்று சொல்ல ஆள்தான் இல்லை.

பணத்தைவிட மோசமானது கீமோ நின்றது. ஊழியக்காரர் நேராக "மருந்தை நிறுத்து" என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பிடிபடுவோம் என்று தெரியுமோ என்னவோ. "சுகம் கிடைச்சாச்சுன்னு அறிக்கையிட்டுட்டு, அப்புறம் மருந்துக்கு ஓடினா அது விசுவாசமா?" என்று கூட்டத்தில் பொதுவாகக் கேட்டார். அம்மா அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். கண்டிப் பயணமும் சிரமம், கீமோவின் வேதனையும் பெரிது. ஓகஸ்டுக்குப் பிறகு கிளினிக்குக்குப் போகவே மாட்டேன் என்றுவிட்டார். நான் கெஞ்சினால், "நீ சந்தேகப்படுறதாலதான் எனக்குச் சுகம் தாமதமாகுது" என்பார். அந்தச் சொல் அம்மாவுடையது இல்லை, எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மகளுக்கு அது எப்படிக் குத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

மருந்தும் விசுவாசமும் எதிரெதிர் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்றே கொலோசெயர் நிருபத்தில் இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் வயிற்றுக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று பவுல் எழுதுகிறார். உன் விசுவாசம் போதாது என்று எழுதவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று வேறொரு இடத்தில் எழுதுகிறார். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய பவுலுக்கே கூட இருந்தவனை நோயோடு விட்டுவர வேண்டி வந்தது, அதில் அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை. எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5:14இல் உண்டு. ஆனால் அங்கே நோயாளி வேன் பிடித்துக்கொண்டு போகவில்லை, சபையின் மூப்பர்கள்தான் நோயாளியிடம் வருகிறார்கள். போத்தலுக்கு விலையும் இல்லை. உங்கள் வீட்டு நோயாளி "நான் மருந்தை விடப்போகிறேன்" என்று சொன்னால், அவரோடு வாதாடி நேரத்தைக் கழிக்காமல் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டுமாவது போய் வைத்தியரிடமோ தாதியிடமோ சொல்லுங்கள். நாம் சொல்லி ஏறாதது அவர்கள் சொன்னால் சில சமயம் ஏறும். இதை எனக்கு ஒரு தாதி சொன்னார், ஆனால் அதற்குள் மாதங்கள் போய்விட்டன.

சுகம் வரவில்லை. வராதபோது கேள்வி எங்கள் பக்கம் திரும்பியது. மறைந்த பாவம் ஏதாவது இருக்கிறதா? குடும்பத்தில் யாராவது சாமி கும்பிட்டார்களா? அம்மாவின் தகப்பன் வழியில் காவல் தெய்வத்துக்குக் கிடாய் வெட்டியது உண்டு, அதைக் கேட்டதும் "இதுதான் கட்டு" என்றார்கள். மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார்கள். சாப்பிட முடியாமல் கிடக்கும் மனுஷிக்கு உபவாசம்! ராத்திரியில் அம்மா விழித்துக்கொண்டு தன் வாழ்க்கையைப் பின்னோக்கித் தேடுவார். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையை எடுத்தது, மாமியாரோடு சண்டை போட்டது, அப்பா குடித்துவிட்டு வந்தபோது "செத்துத் தொலை" என்று ஒரு நாள் சொன்னது. "அதுக்குத்தான் போல இருக்கு, புள்ள" என்று அழுவார். எனக்கு அந்த ஊழியக்காரர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கடவுள்மேலும் கோபம் வந்தது. ஜெபிக்க வாய் திறந்தால் வார்த்தை வராது. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்ன யோவான் 9ஆம் அதிகாரத்தை அந்த நேரத்தில் யாராவது எங்கள் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், உட்கார்ந்து வாசித்திருந்தால் போதும். அம்மாவுக்கு அத்தனை ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

2023 ஜனவரியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது, கையும் வீங்கியது. லயத்து ஆட்கள் சேர்ந்து ஆளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். கண்டியில் வைத்தியர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. "இனி விடாம வாங்க" என்று மட்டும் சொன்னார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. முழுமையாகக் குணப்படுத்த முடியாது, வேதனையைக் குறைத்து நாளைக் கூட்டலாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். திரும்பவும் மருந்து தொடங்கியது. அன்று ராத்திரியே அந்தக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன். மறுநாள் ஒரு குரல்பதிவு வந்தது. கிருபையின் நிழலைவிட்டு வெளியே போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று. நான் அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. அழித்துவிடவும் இல்லை. இப்படி வருவதை அழிக்காதீர்கள், பற்றுச்சீட்டுகளையும் குரல்பதிவுகளையும் பத்திரமாக வையுங்கள்.

அம்மாவின் நிலை கேட்டு எங்கள் ஆலயத்து உபதேசியார் வந்தது அதற்குப் பிறகுதான். வயதானவர், நோர்வூட் பக்கம் இருந்து பஸ்ஸில் வந்து, மீதித் தூரம் நடந்து வந்திருந்தார். வந்ததும் ஜெபிக்கவில்லை. தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "என்னம்மா பயப்படுறீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியாக, "ஆண்டவருக்குக் கொடுக்க என்கிட்ட இனி ஒன்னும் இல்லீங்கையா, அதான் பயமா இருக்கு" என்றார். உபதேசியார் மத்தேயு 20ஐ எடுத்து வாசித்தார். திராட்சத்தோட்டத்து எஜமான் விடியற்காலையில் ஆள் பிடிக்கப் போகிறான், நாளொன்றுக்கு ஒரு பணம், அதாவது ஒரு வெள்ளிக்காசு, என்று பேசுகிறான். மூன்றாம் மணிக்கு, ஆறாம் மணிக்கு, ஒன்பதாம் மணிக்குப் போகிறான். பதினோராம் மணிக்கும் போகிறான், அதாவது நம் கணக்கில் பின்னேரம் ஐந்து மணி, வேலை விட ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது. சம்பளம் கொடுக்கும்போது கடைசியாக வந்தவனுக்கும் அதே ஒரு பணம்.

தோட்டத்து ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவதுதான் எங்கள் வாழ்க்கை. 2021இல் சம்பளம் 1,000 ஆனபோது எங்கள் தோட்டத்தில் பறிக்க வேண்டிய கிலோவையும் கூட்டினார்கள். அம்மா எத்தனை நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டு நெஞ்சு படபடக்க நின்றிருப்பார். ஒரு கிலோ குறைவு, அரைப்பேர். மழை, கொழுந்து இல்லை, அரைப்பேர். உடம்பு முடியாமல் மத்தியானம் இறங்கிவந்தால் அதுவும் அரைப்பேர்தான். அம்மா வேதத்தைப் பார்த்தபடி, "அப்ப அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் முழுப்பேரா?" என்று கேட்டார். "முழுப்பேருதாம்மா" என்றார் உபதேசியார். "கிலோ பாக்கலையா?" "பாக்கல. அந்த எஜமான் நல்லவன், அதனால கொடுத்தான்." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் பேரை வெட்டியிருக்க மாட்டாரு" என்றார். மாதக்கணக்காக அந்த முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அன்று இறங்கியது. நான் குசினிக்குள் போய் அழுதேன். சந்தோஷமும் இருந்தது, இதைச் சொல்ல ஏன் இவ்வளவு காலம் ஒருவரும் வரவில்லை என்ற ஆத்திரமும் இருந்தது.

அதற்குப் பிறகு உபதேசியார் வரும்போதெல்லாம் நான் கேள்வி கேட்பேன். கிருபை என்றால் நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லையா என்று கேட்டேன். எபேசியர் 2:8ஐக் காட்டினார், "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அப்படியே 10ஆம் வசனத்துக்குப் போய், நற்கிரியைகளைச் செய்கிறதற்குச் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்பதையும் காட்டினார். கடவுள் முதலில் தருகிறார், நாம் செய்வது அதற்குப் பின்னால் வருகிறது, இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டுப்போகும் என்றார். எனக்கு அது அம்மாவைப் பார்த்தே விளங்கியது. அடுத்த ஆராதனைக்கு எங்களால் போக முடியவில்லை. அம்மா தலையணைக்கு அடியிலிருந்து 100 ரூபாய் எடுத்து, "இதை நன்றிக் காணிக்கையா போட்டுரு" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தபோது அந்தக் கை நடுங்கியதைப் பார்த்தவள் நான். இந்த 100 ரூபாயைக் கொடுக்கும்போது சிரித்தார். பெற்றுக்கொண்டதால் கொடுப்பது வேறு, பெறுவதற்காகக் கொடுப்பது வேறு.

நாகமானின் கதையையும் அவர்தான் விரித்துச் சொன்னார். குஷ்டரோகியான அந்தப் படைத்தலைவன் பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் சேக்கல் பொன்னும் கொண்டு எலிசாவிடம் வந்தான். சுகமானபிறகு வாங்கிக்கொள்ளும்படி வருந்திக் கேட்டும் எலிசா தொடவில்லை. பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வாங்கியவன் வேலைக்காரன் கேயாசி. அந்தக் குஷ்டம் அவனைப் பிடித்தது. தேவனுடைய வரத்தைப் பணத்தால் சம்பாதிக்கலாம் என்று நினைத்த சீமோனைப் பேதுரு எப்படிக் கடிந்துகொண்டார் என்று அப்போஸ்தலர் 8இல் இருக்கிறது. 1517இல் ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்துத்தான் மார்ட்டின் லூதர் தன் 95 கருத்துகளை எழுதினார். அதில் 62ஆவது, கடவுளின் மகிமையையும் கிருபையையும் பற்றிய நற்செய்திதான் சபையின் உண்மையான பொக்கிஷம் என்கிறது. அந்த விஷயத்தில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் நூற்றாண்டுகள் சண்டை பிடித்து, 1999இல் கிருபையினால் மட்டுமே, நம் தகுதியால் அல்ல, கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று சேர்ந்து கையெழுத்திட்டார்கள். எந்தச் சபைக்காரராக இருந்தாலும் விலைச்சீட்டு ஒட்டிக் கிருபையைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கடைசி மாதங்களில் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தது பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் ஒரு பெண்தான். சபையின் பெயரைப் பார்த்து ஆட்களை ஒதுக்காதீர்கள்.

அம்மா சுகமாகவில்லை. 2024 தொடக்கத்தில் தவறினார். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. முன்பெல்லாம் இந்த வசனத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சுகம் கொடுக்காமல் சமாளிக்கச் சொன்ன வார்த்தையாகத்தான் பட்டது. அம்மாவின் கடைசி வருடத்தைப் பார்த்தபிறகு அப்படிச் சொல்ல மாட்டேன். வேதனை இருந்தது, மோர்பின் கொடுத்தும் சில ராத்திரி கத்துவார். ஆனால் கடவுள் தன்னை அடிக்கிறார் என்ற பயம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கதை சொன்னார். என் கணவரோடு போனில் சண்டை பிடித்தார், சீக்கிரம் வந்து சேர் என்று. பணத்தை வாங்கியவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தார். அந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லவில்லை. இன்னும் சொல்ல முடியவில்லை. கிருபை தகுதி இல்லாதவர்களுக்கும் உண்டு என்று வாயால் சொல்வது லேசு, அந்தத் தகுதி இல்லாதவர் என் அம்மாவின் சேமலாபப் பணத்தை வாங்கியவராக இருக்கும்போது அது லேசாக இல்லை. ஆண்டவரிடம் இதை இப்படியே சொல்லித்தான் ஜெபிக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டீர்களா என்று பலர் கேட்கிறார்கள். கேட்டேன். "ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா?" என்று பதில் வந்தது. சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை தருவார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். விருப்பத்தோடு கொடுத்த காணிக்கை என்று அவர்கள் சொன்னால் நிரூபிப்பது கடினம் என்று விளக்கினார்கள். குணமாக்குவதாகச் சொல்லிக் குறிப்பிட்ட தொகை கேட்ட செய்தி எழுத்திலோ குரலிலோ இருந்தால் அதற்குப் பெறுமதி உண்டு. அதனால்தான் அழிக்காதீர்கள் என்றேன். அடகு வைத்த சங்கிலியைக் கணவர் வந்தபிறகு மீட்டோம். வட்டி ஏறிக் கிடந்த காலம், முதலுக்குக் கிட்ட வட்டியும் கட்டினோம். மற்றது போனது போனதுதான்.

அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் எதற்கு உதவியிருக்கும் என்பதையும் சொல்கிறேன். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான், ஆனால் பயணம், வெளியே வாங்கும் மருந்து, சத்துணவு, கூடப்போகிறவரின் நாட்சம்பளம் எல்லாம் நம் கைக்காசு. புற்றுநோயாளிக்கு உதவிப் பணம் உண்டா என்று பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள், வைத்தியரின் கடிதத்தோடு போங்கள். ஜனாதிபதி நிதியத்துக்கும் இப்போது பிரதேச செயலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. சேமலாப நிதி வரப்போகிறது என்றால் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லாதீர்கள். நோயாளியின் பெயரில் தனிக் கணக்கில் போட்டு, வங்கிப் புத்தகத்தை நோயாளியோடு இன்னொருவரும் பார்க்கும்படி வையுங்கள். தனியாக இருக்கும்போது எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பணம் கேட்டு வருபவரிடம் "எங்க ஐயாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அவசரப்படுத்தினால், கோபப்பட்டால், ஐயாவிடம் ஏன் கேட்க வேண்டும் என்று தடுத்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எங்கள் ஆலயத்தில் இப்போது ஒரு காரியம் நடக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்பது மாறவில்லை, ஐயாவுக்கும் இரண்டு கால்தானே. ஆனால் பெண்கள் நாலைந்து பேர் முறை வைத்து நோயாளி வீடுகளுக்குப் போகிறோம். முதலில் துணி துவைத்து, சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி விடுவோம். பிறகுதான் வேதம் வாசிப்போம், அதுவும் அவர்கள் கேட்டால். காணிக்கைப் பை கொண்டுபோவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். கிளினிக்குக்குத் துணையாகவும் போகிறோம். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கொப்பியும் அடையாள அட்டையும் பழைய அறிக்கைகளும் ஒரே பையில் இருக்க வேண்டும், கீமோவுக்கு முன்னால் இரத்தம் சோதிப்பார்கள், அளவு குறைந்தால் அன்று ஏற்றாமல் திருப்பி அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் கடவுள் கைவிட்டார் என்று நினைக்க வேண்டாம், அடுத்த திகதி போடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் உங்களுக்குக் கண்டிக்குப் போகத் துணை வேண்டுமென்றால் பக்கத்து ஆலயத்தில் சொல்லி அனுப்புங்கள். முதல் நாள் பின்னேரத்துக்குள் சொன்னால் போதும், ஆள் வரும்.